டேப்லெட் வழியே பேசும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

ஆட்டிசம் உள்ள சிறு பிள்ளைகளுக்கு, படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் செயலிகளைப் பழக்குவது பற்றி, மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இம்மாதம் பதில் எழுதுகிறோம்.

கேள்வி: என் மகனுக்கு வயது 4. இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை. எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துப் போவான். ஆட்டிசம் என்று ஈப்போவில் சொன்னார்கள். டேப்லெட்டில் படம் தொட்டுப் பேசும் செயலியைப் பழக்கச் சொல்கிறார்கள். ஆனால் என் மாமியார், "அதைக் கொடுத்தால் பிள்ளை வாயே திறக்காது" என்று அழுகிறார். யார் சொல்வதைக் கேட்பது? *– ஒரு தாயார், சுங்கை சிப்புட்*

பதில்: மாமியாரின் பயம் பல வீடுகளில் இருக்கிறது. படித்த ஆசிரியர்கள்கூட இதையே சொல்வதுண்டு. 2006-இல் மில்லர், லைட், ஷ்லாசர் என்ற மூன்று ஆய்வாளர்கள், அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் நம்பத்தகுந்த முறையில் நடத்தப்பட்டவற்றை மட்டும் எடுத்தபோது, வளர்ச்சிக் குறைபாடு உள்ள 27 பேரின் விவரம் கிடைத்தது. படம், சைகை, கருவி ஆகியவற்றால் பேசப் பழகிய அவர்களில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குக் கூடியது, மற்றவர்களுக்கு மாற்றமில்லை. கூடிய அளவு பலருக்குச் சிறியதுதான். ஆகவே டேப்லெட் கொடுத்தால் வாய்ப்பேச்சு வந்துவிடும் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கக்கூடாது. ஆனால் பேச்சைத் தடுத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

உங்கள் மகன் கையைப் பிடித்து இழுக்கிறானே, அதுவே பேச்சுதான். உங்களிடம் ஒன்றைச் சொல்ல அவனுக்கு ஆசை இருக்கிறது, வழிதான் இல்லை. வழியில்லாமல் இருக்கும்வரை அது அழுகையாகவும் கடியாகவும் தலையை மோதுவதாகவும் வெளிவரும். மாமியாரிடம் இந்தக் கோணத்தில் சொல்லிப் பாருங்கள்.

இரண்டு செய்திகள் கூடவே. காது கேட்கும் திறன் பரிசோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிச் செய்துவிடுங்கள். அதற்காகச் செயலியைத் தள்ளிப்போட வேண்டாம். அடுத்தது, 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு 1 மணியைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது, சும்மா உட்கார்ந்து திரையைப் பார்ப்பதைப் பற்றியது. பேசுவதற்குத் தொடும் நேரத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: கணவருக்குத் தோட்டத்தில் வேலை. ஒருவர் சம்பளம்தான். எந்த டேப்லெட், எந்தச் செயலி வாங்கலாம்? தமிழில் உண்டா? *– ஒரு தாயார், லிந்தாங்*

பதில்: முதலில் செயலியை முடிவு செய்யுங்கள், பிறகு டேப்லெட். பலர் மலிவாகக் கிடைத்தது என்று ஆண்ட்ராய்டு டேப்லெட்டை வாங்கிவிட்டு, சிகிச்சையாளர் சொன்ன செயலி அதில் ஓடாது என்று பிறகு தெரிந்து தவிக்கிறார்கள். உதாரணமாக, 2009-இல் வந்த புரொலோகுவோ2கோ ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்கும். விலையும் சுமார் 250 அமெரிக்க டாலர். நல்ல செயலிதான், ஆனால் அதில் தமிழ் இல்லை.

தமிழ்க் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது ஆவாஸ். சென்னையில் உருவானது, தமிழ் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் சோதனைக் காலத்தில் போட்டுப் பாருங்கள். செலவே செய்ய முடியாது என்றால் சிபோர்டு இருக்கிறது. அதன் அடிப்படை வசதிகள் இலவசம், ஆண்ட்ராய்டிலும் ஓடும். பொத்தானின் பெயரை நீங்களே தமிழில் எழுதி, உங்கள் குரலைப் பதிவு செய்துகொள்ளலாம்.

டேப்லெட் 10 அங்குலம் போதும். கைப்பேசி சிறியது. அவசரத்துக்கு ஆகும், பழக்குவதற்கு ஆகாது. கடையில் பணம் கொடுக்கும் முன் ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நின்றால் கேட்குமா என்று யோசியுங்கள். மலிவான கருவிகள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகின்றன. பிடி வைத்த தடித்த ரப்பர் உறையும் கண்ணாடிக் காப்பும் கட்டாயம். பயன்படுத்திய டேப்லெட் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் நீங்கள் தேர்ந்த செயலி அதில் நிறுவப்படுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு சோதனை: செயலியைப் போட்டதும் விமானப் பயன்முறைக்கு மாற்றிப் பொத்தான்களைத் தொடுங்கள். இணையம் இல்லாமல் குரல் வர வேண்டும். தோட்டத்துக்குள் லைன் கிடைக்காத இடத்தில் பிள்ளையின் பேச்சு நின்றுபோகக் கூடாது. ஆண்ட்ராய்டில் தமிழ்க் குரல் வரவில்லையென்றால், செட்டிங்ஸில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்ற பகுதியில் கூகுள் குரலைத் தேர்ந்தெடுத்து, தமிழ்க் குரல் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்துவிட்டீர்களா? ஆட்டிசம், கற்றல் சிக்கல் பிரிவில் பதிவாகும். சமூகநல இலாகாவில் துணைக் கருவிகளுக்கான உதவித் திட்டம் உண்டு. பேச்சு சிகிச்சையாளரின் கடிதத்தோடு போய், டேப்லெட்டுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். கருவி வாங்குவதற்கு முன்பே கேட்பது நல்லது.

கேள்வி: பழங்கள், மிருகங்கள், நிறங்கள் என்று 60, 70 படங்கள் போட்டோம். "யானை எங்கே?" என்றால் என் 5 வயது மகள் சரியாகத் தொடுகிறாள். ஆனால் தானாக எதையும் கேட்பதில்லை. என்ன தவறு? *– ஒரு தந்தை, ஜாலோங்*

பதில்: சொற்களைத் தேர்ந்ததில் தவறு. 5 வயதுப் பிள்ளைக்குக் காலையிலிருந்து இரவுவரை யானையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? நீங்கள் போட்டது சோதனை வைப்பதற்கான சொற்கள். பேசுவதற்கான சொற்கள் வேறு: வேணும், வேணாம், இன்னும், போதும், தா, வா, போலாம், திற, நிறுத்து, உதவி, பாரு, என்ன, எங்க, பிடிக்கும், பிடிக்கல, வலிக்குது, முடிஞ்சிச்சு, அது இல்ல. இந்தச் சொற்கள் சாப்பாட்டிலும் குளியலிலும் மோட்டார் சைக்கிளிலும் கோயிலிலும் ஒரே மாதிரி பயன்படும். இவற்றை முதல் பக்கத்தில் வையுங்கள். பழமும் மிருகமும் உள்பக்கங்களுக்குப் போகட்டும்.

"அது இல்ல" என்ற பொத்தானை விட்டுவிடாதீர்கள். நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டு பிஸ்கட்டை நீட்டும்போது, தட்டைத் தள்ளிவிடுவதற்குப் பதிலாக அவள் தொட ஒன்று இருக்க வேண்டும். திருவிழாவில் உறுமி மேளம் தொடங்கினால் காதைப் பொத்தும் பிள்ளைக்கு "சத்தமா இருக்கு" என்ற பொத்தான் "போலாம்" என்பதற்குப் பக்கத்தில் இருந்தால், அலறி விழுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தமிழுக்கென்று கவனிக்க வேண்டியவை இவை. வெளிநாட்டுச் செயலிகளின் பக்க அமைப்பு ஆங்கில வாக்கிய வரிசையில் இருக்கும்: 'நான்', 'வேண்டும்' இடப்பக்கம், பொருளின் பெயர் வலப்பக்கம். நாம் "பால் வேணும்" என்கிறோம். எனவே பெயர்களை இடப்பக்கமும், வேணும், வேணாம், பிடிக்கும், முடிஞ்சிச்சு போன்றவற்றை வலப்பக்க ஓரமாகவும் வையுங்கள். விரல் இடமிருந்து வலம் போனால் வாக்கியம் சரியாக வரும். "எனக்கு" இல்லாமலே வாக்கியம் நிற்கும். ஆரம்பத்தில் அதற்காக ஒரு தொடுதலைக் கூட்ட வேண்டாம்.

வினைச்சொல்லின் வடிவமும் முக்கியம். "குடி" என்று பதிவு செய்தால் அவள் தொடும்போது பாட்டிக்குக் கட்டளையிடுவது போல ஆகிவிடும். அவள் மனதில் இருப்பது "குடிக்கணும்". சாப்பிடணும், தூங்கணும், விளையாடணும் என்று அவளே சொல்வதுபோல் வையுங்கள். தா, வா, திற, நிறுத்து என்பவை மற்றவருக்குச் சொல்பவை, அவை அப்படியே இருக்கட்டும்.

கணினிக் குரல் "வேண்டும்" என்று ஏட்டுத் தமிழில் படிக்கிறது என்றால், பொத்தானில் எழுத்தை "வேணும்" என்று மாற்றிப் பாருங்கள். அப்போதும் விகாரமாக இருந்தால் குரலைப் பதிவு செய்யுங்கள். பெண் பிள்ளைக்கு அக்காள் முறையில் யாராவது சிறுமி, பையனுக்கு அண்ணன் முறையில் ஒருவன் பேசினால் பொருத்தம். எல்லாச் சொற்களுக்கும் ஒரே ஆள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, டேப்லெட்டை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பொத்தானைத் தொட்ட பிறகு அரை விநாடி விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உடனே பேசினால் முதல் எழுத்து வெட்டுப்பட்டு, "வேணும்" என்பது "ணும்" என்று விழும்.

பொத்தானின் அளவு: 10 அங்குலத் திரையில் 8 வரிசை நீளமும் 5 வரிசை உயரமுமாக 40 பொத்தான் வைத்தால், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2½ சென்டிமீட்டர் வரும். பெரும்பாலான பிள்ளைகளின் விரலுக்கு அது போதும். பக்கத்துப் பொத்தான் அடிக்கடி பட்டால் 6-க்கு 4 ஆக்குங்கள். 4 பெரிய படங்களில் தொடங்கிப் பிறகு கூட்டலாம் என்று நினைக்காதீர்கள். கூட்டும் ஒவ்வொரு முறையும் எல்லாச் சொற்களும் இடம் மாறும், பிள்ளை முதலிலிருந்து தேட வேண்டும். அவள் படத்தைப் பார்த்துத் தொடுவதைவிட இடத்தை நினைவில் வைத்துத்தான் தொடுகிறாள். 40 இடங்களையும் முதலிலேயே ஒதுக்கி, தேவையில்லாதவற்றை மறைத்து வையுங்கள். நல்ல செயலிகளில் மறைக்கும் வசதி இருக்கும். ஒரு சொல்லுக்கு ஓர் இடம், அது மாறவே கூடாது.

கேள்வி: என் பேரன் ஓயாமல் மைலோ பொத்தானையே அடிக்கிறான். மற்ற நேரங்களில் கண்டபடி எல்லாவற்றையும் தட்டி விளையாடுகிறான். பொறுக்க முடியாமல் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டோம். அவனுடைய அம்மா விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவாள், நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. *– ஒரு பாட்டி, பக்கத்து வீட்டுப் பெண் எழுதியது*

பதில்: பாட்டிக்கு வணக்கம். அந்தப் பொத்தானைத் திரும்ப வைத்துவிடச் சொல்லுங்கள். அவன் முதன்முதலாகச் சொல்லக் கற்ற சொல் அது. சொன்னதற்காக அது காணாமல் போனால், இனிமேல் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைப்பான்.

கேட்டதெல்லாம் கொடுக்க வேண்டும் என்று இல்லை. பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "மைலோ முடிஞ்சிச்சு" என்று இரண்டு பொத்தானையும் நீங்களே தொட்டு, காலி டப்பாவைத் திறந்து காட்டுங்கள். இருக்கிறது, ஆனால் இப்போது கிடையாது என்றால் "மைலோ, அப்புறம்" என்று தொட்டு, சாயங்காலம் கொடுக்கும்போது மறுபடியும் "மைலோ" என்று தொட்டுக் கொடுங்கள். "அப்புறம்" என்றால் கிடைக்கும் என்று அப்போதுதான் நம்புவான். முதல் சில வாரங்கள் மட்டும், முடிந்தவரை கேட்டதைக் கொஞ்சமாகவாவது உடனே கொடுங்கள். குவளை நிறையக் கொடுத்தால் ஒரு தடவைதான் கேட்பான். இரண்டு மடக்கு ஊற்றினால் "இன்னும்" கேட்க இடமிருக்கும்.

கண்டபடி தட்டுவது தவழும் குழந்தை "பப்பப்பா" என்று உளறுவதைப் போன்றது. அதைத் தடுக்காதீர்கள். "ஆடு" என்று பட்டுவிட்டால், "ஆடா? ஆடு எங்கே, வா பார்ப்போம்" என்று சன்னலுக்குக் கூட்டிப் போங்கள். தொட்டால் ஏதோ நடக்கிறது என்று தெரியட்டும்.

உங்களுக்கு எழுத்துத் தெரியாதது ஒரு தடையே இல்லை. அவனைப் போலவே நீங்களும் படத்தையும் இடத்தையும் வைத்துப் பழகலாம். ஒரு நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், காலைப் பசியாறும் நேரம் நல்லது. ரொட்டியைப் பிய்க்கும்போது "ரொட்டி" என்று வாயால் சொல்லிக்கொண்டே படத்தையும் தொடுங்கள். டப்பா திறக்க வரவில்லை என்றால் "உதவி". சூடாக இருந்தால் "சூடு". வாயால் முழு வாக்கியம் சொல்லலாம், விரலால் அதில் ஒன்றிரண்டு சொல் போதும். அவனைத் தொடச் சொல்ல வேண்டாம், "சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்க வேண்டாம். தொட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்து மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்து எண்ணும் நேரத்தில்தான் பெரியவர்கள் பொறுமை இழந்து குறுக்கே பேசிவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் கேட்டதை வாங்கி, பதிலைத் தேடி, விரலைக் கொண்டுபோக அந்த நேரம் தேவை.

பேசத் தொடங்கும் குழந்தை ஏறக்குறைய ஒரு வருடம் நாம் பேசுவதைக் கேட்ட பிறகுதான் முதல் சொல்லைச் சொல்கிறது. படத்தால் பேசும் பிள்ளைக்கு, வீட்டில் யாரும் படத்தால் பேசிக் காட்டாவிட்டால் எங்கிருந்து வரும்? இரண்டு மாதம் போட்டுப் பார்த்தோம், பயனில்லை என்று பெட்டியில் வைத்துவிடும் வீடுகளில், பெரும்பாலும் பெரியவர்கள் யாரும் அதைத் தொட்டதே இல்லை.

வலியை இப்படித்தான் சொல்லிக் கொடுக்க முடியும். அவனுக்குக் காய்ச்சல் வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் முழங்கால் வலிக்கும்போது "வலிக்குது, கால்" என்று தொட்டுத் தைலம் தேயுங்கள், அவன் பார்க்கட்டும்.

கேள்வி: செயலியை மூடிவிட்டு யூடியூப்புக்குப் போய்விடுகிறான். *– ஒரு தாயார், கோலகங்சார்*

பதில்: பேசும் டேப்லெட்டில் வீடியோவும் விளையாட்டும் இருக்கவே கூடாது, எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். படம் பார்க்க வேறு கருவி. பிறகு பூட்டுப் போடுங்கள். ஐபேடில் செட்டிங்ஸ், அக்செசிபிலிட்டி, கைடட் அக்செஸ் என்று போய் இயக்கி, கடவு எண் வையுங்கள். பேச்சுச் செயலியைத் திறந்து, ஹோம் பொத்தானை (அது இல்லாத மாடலில் மேல் பொத்தானை) மூன்று முறை அழுத்தினால் பிள்ளையால் வெளியே வர முடியாது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், செக்கியூரிட்டி பகுதியில் 'ஆப் பின்னிங்' இருக்கும். விடுவிக்கக் கடவு எண் கேட்கும்படி அதிலேயே அமைத்துவிடுங்கள்.

குறும்பு செய்தான் என்று டேப்லெட்டைப் பிடுங்கி அலமாரியில் வைப்பதும் கூடாது. வாயாடும் பிள்ளையின் வாயை நாம் கட்டுவதில்லை. கோபத்தில் எறிகிறான் என்றால் சற்றுத் தள்ளி வையுங்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி.

கேள்வி: வீட்டில் தமிழ், சிகிச்சையாளர் மலாயில் பேசுகிறார், பாலர் பள்ளியில் ஆங்கிலமும் உண்டு. ஒரே மொழியாகக் குறைத்துவிடச் சொல்கிறார்கள். எதை வைப்பது? *– ஒரு தந்தை, சுங்கை சிப்புட்*

பதில்: தமிழை வையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் மொழி வளர்ச்சி பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பிள்ளையின் அம்மாவும் தாத்தாவும் நாள் முழுவதும் பேசும் மொழியை டேப்லெட்டிலிருந்து எடுத்துவிட்டால், யார் அவனுக்குப் பேசிக் காட்டுவது? அரைகுறை ஆங்கிலத்தில் "வாட்டர், வாட்டர்" என்று தொட்டுக் காட்டும் வீட்டில் பேச்சும் குறைகிறது, கொஞ்சலும் குறைகிறது. பள்ளிக்கு மலாய்ப் பக்கம் ஒன்று சேர்க்கலாம். அதில் அதே சொல் அதே இடத்தில், அதே படத்தோடு இருக்க வேண்டும். சிகிச்சையாளருக்குப் படம் புரியும், எழுத்துக்கு அடியில் மலாய்ச் சொல்லையும் சிறியதாகப் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: என் பாலர் வகுப்பில் இப்படி ஒரு மாணவன் சேர்ந்திருக்கிறான். டேப்லெட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. *– தமிழ்ப்பள்ளி ஆசிரியை*

பதில்: பையில் வைத்துப் பூட்டாமல், அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். தோளில் மாட்டும் பட்டை போட்டுத் தொங்கவிட்டால் ஓய்வு நேரத்தில் கேண்டீனுக்கும் போகும். அதிகமாகத் தேவைப்படுவது அங்கேதான். "வணக்கம் ஆசிரியர்", "என் முறை", "டாய்லெட் போகணும்", "அவன் தள்ளினான்" ஆகிய நான்கும் வகுப்புக்கு முதலில் வேண்டும். கடைசியில் உள்ளதைப் பல பள்ளிகள் மறந்துவிடுகின்றன, புகார் சொல்ல முடியாத பிள்ளைதான் அடி வாங்கும். புதுச் சொற்களை நீங்களே சேர்க்காமல், ஒரு சிறு நோட்டில் எழுதி அம்மாவுக்கு அனுப்புங்கள். இரண்டு பேர் மாற்றினால் இடம் குழம்பிவிடும். மற்றப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், அவன் சம்மதத்தோடு ஒவ்வொருவரும் ஒரு சொல் சொல்லட்டும்.

கேள்வி: மணிக்கட்டைப் பிடித்து எழுத்துப் பலகையில் பிள்ளைகளை முழு வாக்கியம் எழுத வைக்கிறார் ஒருவர். கட்டணம் அதிகம். சேர்க்கலாமா? *– ஒரு தாயார், ஈப்போ*

பதில்: வேண்டாம். பிள்ளையின் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுதும் முறையில், வருவது கையைப் பிடித்திருப்பவரின் வாக்கியம் என்று பல சோதனைகளில் தெரிந்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு படமும் பிடித்திருப்பவருக்கு வேறு படமும் காட்டினால், பலகையில் பிடித்திருப்பவர் பார்த்ததுதான் வரும். அமெரிக்கப் பேச்சு சிகிச்சையாளர் சங்கம் 2018-இலும் இதைப் பயன்படுத்தக்கூடாது என்று அறிவித்தது. டேப்லெட்டிலும் பிள்ளையின் விரலை நீங்கள் பிடித்து அழுத்தாதீர்கள். உங்கள் விரலால் நீங்கள் பேசுங்கள், அவன் விரல் அவனுடையது.

கேள்வி: இடி மழையில் கரண்ட் போய் சார்ஜ் இறங்கிவிட்டால், ஆற்றுக்கோ குளியலுக்கோ போனால் என்ன செய்வது? *– ஒரு தந்தை, லிந்தாங்*

பதில்: முதல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏ4 தாளில் வண்ணத்தில் அச்சிட்டு லேமினேட் செய்யுங்கள். பளபளப்பில்லாத வகை கேளுங்கள், வெயிலில் கண் கூசாது. தாளின் விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் விட்டு வெட்டினால் தண்ணீர் உள்ளே புகாது. நான்கு படி எடுத்து, ஒன்று குளிர்பெட்டிக் கதவில் பிள்ளையின் கண் உயரத்தில், ஒன்று குளியலறையில், ஒன்று மோட்டார் பெட்டியில், ஒன்று பாட்டி வீட்டில். தாள் பேசாது என்பதால், அவன் தொட்ட சொல்லை நீங்கள் உரக்கச் சொல்ல வேண்டும். கையில் ஒரு பவர் பேங்க்கும், செயலியின் சொற்கோப்பின் நகல் உங்கள் கைப்பேசியிலும் இருக்கட்டும். டேப்லெட் உடைந்தாலும் அதே பக்கத்தைப் புதியதில் ஏற்றிவிடலாம். டேப்லெட்டில் ஒரு சொல் சேர்த்தால், நான்கு தாளிலும் அதே கட்டத்தில் ஒட்டியோ புதிதாக அச்சிட்டோ மாற்றிவிடுங்கள்.